மறுபுறம் பார்த்து வாங்குங்கள்

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவையை முன்புறம் மட்டும் பார்த்து வாங்குகிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். உள்ளூர்க்காரர் கடையில் உட்கார்ந்ததும் செய்கிற முதற் காரியம் புடவையைத் திருப்பிப் போடுவது. உடலும் கரையும் கோர்வையாக இணைந்த இடத்தில் இழை சீராகப் பிடித்திருக்கிறதா, அறுந்த இழையை எங்கே முடிச்சிட்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் மறுபுறந்தான் சொல்லும். சரிகையை நகத்தால் சுரண்டி உள்ளே சிவந்த பட்டிழை தெரிகிறதா என்று பார்ப்பாரும் உண்டு. இத்தனை ஜாக்கிரதையுள்ள நம் ஊர்ப் பெரியவர்கள், ஒரு புடவையின் விலையைப் போல் பல மடங்கு பணங்கொடுத்துப் பழைய மோட்டார் வண்டி வாங்கப் போகும்போது மாத்திரம், அதன் பளபளப்பைப் பார்த்துவிட்டு ‘நன்றாயிருக்கிறது’ என்று தலையை அசைத்து விடுகிறார்கள். இது என்ன விந்தை!

வண்டிக்கும் மறுபுறம் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டால், பார்க்கத் தெரிந்த கண் பெரியவர்களிடம் முன்னமே இருக்கிறது. இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் இவ்வளவுதான்.

முதலில், பெரியவர்களுக்கு எதற்குக் கார் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசியில் விரலை வைத்தால் வாடகை வண்டி வாசலில் வந்து நிற்கிற காலத்தில் சொந்த வண்டி வீண் செலவு என்று அவர்கள் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வைகாசி கருட சேவையன்று விடியற்காலையில் கிளம்பவும், நள்ளிரவில் மனைவிக்கு மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குப் போகவும், செங்கல்பட்டில் பெண் வீட்டுக்கு நினைத்த மாத்திரத்தில் புறப்படவும் பிறர் கையை எதிர்பாராமல் இருப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. வயது ஏற ஏற மனிதனிடமிருந்து கழன்று போகும் சுதந்திரங்கள் பல. அவற்றில் ஒன்றையாவது சில வருஷம் கூடுதலாக வைத்துக்கொள்ள விரும்புவது குற்றமா?

அப்படியானால் ஏன் செடான், அதாவது பின்னால் டிக்கி தனியாக நீண்ட வண்டி, வேண்டுமென்கிறார்கள்? அதற்கும் சரித்திரம் உண்டு. அறுபது வயது கடந்தவர்களுக்குக் கார் என்றால் மனத்தில் தோன்றும் உருவமே அதுதான். கல்கத்தாவுக்கருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் செய்துவந்த அம்பாஸடர், பம்பாயில் ஃபியட் 1100 மாதிரியிலிருந்து வந்த பிரீமியர் பத்மினி, சென்னைக்கருகே வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றையும் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த காலம் அது. அதனால் உடனே கைக்குக் கிடைக்கிற பழைய வண்டிக்கு, புதியதன் குறித்த விலையைவிட அதிகம் கேட்டதும் உண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் அந்த நிலைமை மாறிற்று. அம்பாஸடரின் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்று போயிற்று. ஆயினும் டிக்கி இல்லாத வண்டியைக் காட்டினால், “இது பாதி வண்டி, மீதி எங்கே?” என்று கேட்கும் பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அவர்களுக்காகவே செய்தது போல் ஒரு சௌகரியம் பின்னாளில் ஏற்பட்டது. 2006-ஆம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில், நாலு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் சிறிய இஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. உடனே கம்பெனிக்காரர்கள் செடானின் வாலைக் கத்தரித்து நாலு மீட்டருக்குள் அடக்கத் தொடங்கினார்கள். டாடாவின் இண்டிகோ ஸி.எஸ். 2008-இல் அவ்வாறு வந்தது. மாருதி டிஸையர் 2012-இல் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கிற்று. ஹோண்டா அமேஸும், நம் ஜில்லாவின் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் தொழிற்சாலையில் உருவான எக்ஸென்ட், ஆரா வண்டிகளும் இதே வகையின. மாருதி சியாஸ் போன்ற பெரிய செடான் சுமார் நாலரை மீட்டர். அந்த அரை மீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்பவர், பிள்ளையார்பாளையத்துச் சந்து ஒன்றில் எதிரே தண்ணீர் லாரி வரும்போது வண்டியைப் பின்னுக்கு எடுத்துப் பார்க்கட்டும். பெரிய இராஜவீதிகளுக்கே பண்டிகை நாளில் இடம் போதாத ஊர் இது. சிறிய செடானே பெரியவருக்கு உகந்தது என்பது நம் அபிப்பிராயம்.

நிற்க. எந்த வண்டி என்ற கேள்விக்கு முன், யார் ஓட்டப் போகிறார் என்ற கேள்வி இருக்கிறது.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 55 வயது கடந்தவர் லைசென்ஸைப் புதுப்பித்தால் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். ஒவ்வொரு முறையும் மருத்துவரின் சான்று வேண்டும். பலர் இதை ஒரு கையெழுத்துச் சம்பிரதாயமாக முடித்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யாமல், வண்டி தேடப் புறப்படுமுன் பெரியவரைக் கண் வைத்தியரிடம் அழைத்துப் போவது நல்லது. கண்புரை தொடங்கியிருந்தால் இரவில் எதிர்வண்டியின் விளக்கு பூப்போல் விரிந்து கண்ணை மறைக்கும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு தெளிவாகத் தெரிகிறது என்று சொல்பவர்கள் அநேகர். கண்ணுக்குச் செய்ய வேண்டியதைக் காருக்குச் செலவிட்டு விடக்கூடாது.

அடுத்தது முழங்கால். நம் ஊர்த் தெருக்களில் கிளட்ச்சை மிதித்து மிதித்து விடுவது தறியில் மிதி போடுவதைப் போன்ற வேலை. நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த கால்களுக்கு அது வேண்டாத சிட்சை. 2014-இல் மாருதி செலேரியோவோடு மலிவு விலைத் தானியங்கி கியர் நம் நாட்டில் அறிமுகமாயிற்று. 2017-இல் வந்த டிஸையரில் பெட்ரோல் வண்டிக்கும் அது கிடைத்தது. கியர் மாறும்போது சற்றுக் குலுக்கும் என்பது உண்மை. ஆனால் முழங்காலின் குலுக்கலைவிட அது மேல்.

மூன்றாவது, ஏறி இறங்குவது. செடான்கள் பொதுவாகத் தாழ்ந்த வண்டிகள். ஆகையால் பெரியவரையும் அவர் மனைவியாரையும் வண்டிக்கு அழைத்துச் சென்று, முன் இருக்கையிலும் பின் இருக்கையிலும் மும்முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். கையை எங்கும் ஊன்றாமல் எழ முடிகிறதா? தலை இடிக்கிறதா? கால் வெளியே எடுக்கக் கதவு போதுமளவு திறக்கிறதா? ஓட்டுகிற இடத்திலிருந்து பின் கண்ணாடி வழியே டிக்கியின் விளிம்பு மட்டுமாவது தெரிகிறதா? இதற்கு மெக்கானிக் தேவையில்லை. ஐந்து நிமிஷம் போதும். இந்தச் சோதனையில் தோற்ற வண்டியை, இஞ்சின் தங்கமாயிருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

இனி வருஷம். எத்தனை பழசு வரை வாங்கலாம்? நாம் சொல்லும் எல்லை 2019. அந்த ஏப்ரல் முதல் விற்கப்பட்ட கார்கள் எல்லாவற்றிலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாயிற்று. ஜூலை மாதம் முதல் ஓட்டுபவருக்குக் காற்றுப்பையும் கட்டாயம். அதற்கு முந்திய வண்டிகளிலும் இவை இருக்கலாம். இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எதிர்பாராமல் மாடு குறுக்கே வரும்போது முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தாலும் வண்டி திருப்பிய பக்கம் திரும்புவது இளைஞரைவிட முதியவருக்கே அவசியமானது.

டீசல் வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்று மயங்க வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடிச் சூடேறினால்தான் அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். கோயிலுக்கும் கடைக்குமாக இரண்டு மைல் ஓடுகிற வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், செலவும் பெரிது. பெட்ரோலிலும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-இல் நாடெங்கும் பரவிற்று. 2023 ஏப்ரலுக்குப் பின் உற்பத்தியானவை அதற்கேற்பச் செய்யப்பட்டவை. அதற்கு முந்திய வண்டியானால் கம்பெனிக் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்து, ரப்பர்க் குழாய்களையும் சோதிக்க வேண்டும்.

கம்பெனியே கடையைக் கட்டிக்கொண்ட வண்டிகளும் சந்தையில் மலிவாக வரும். நம் பக்கத்து மறைமலைநகரில் கார் செய்துவந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அவர்கள் வண்டி கெட்டியானது என்று சொல்பவர்கள் உண்டு. இருந்தாலும் பெரியவருக்கு வாங்குகிறவர், உதிரிச் சாமான் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை உள்ளூர் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு பிறகு விலை பேசுவதே விவேகம்.

இப்போது வண்டியின் மறுபுறத்துக்கு வருவோம். முதல் மறுபுறம் காகிதம்.

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எத்தனை கை மாறியது என்பது அதில் இருக்கும். கடன் கொடுத்த பாங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்குப் பாங்கியின் கடிதமும் படிவம் 35-உம் வேண்டும். ‘அதெல்லாம் கட்டியாயிற்று’ என்ற வாய்ச்சொல் போதாது. மத்திய சர்க்காரின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு, இன்ஷூரன்ஸ் முதலியவற்றின் காலக்கெடுவும், செலுத்தாத அபராதமும் தெரியவரும். அங்கே தெரிவதும் கையில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தில்லி வண்டி என்று ஒரு வகை வரும். அங்கே பத்து வருஷம் கடந்த டீசல் வண்டிகளையும் பதினைந்து கடந்த பெட்ரோல் வண்டிகளையும் ஓட்டக்கூடாதென்ற தடையினால், வயதான வண்டிகள் தெற்கே மலிவாக இறங்கின. மலிவு உண்மைதான். ஆனால் அந்த ஊர் அலுவலகத்தின் ஆட்சேபமில்லை என்னும் சான்று, நம் மாகாணத்து ஆயுட்கால வரி, புதிய எண் என்று வரிசையாகச் செலவு நிற்கும். எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் மலிவாக இருந்தால் யோசிக்கலாம்.

பதினைந்து வருஷம் நிறையப் போகும் வண்டியும் அப்படியே. அதன் பதிவை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். கார் ஒன்றுக்கு ரூ. 600-ஆக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் ரூ. 5,000 ஆயிற்று. தரகர் மூலம் வாங்குவோர் இன்னொன்றும் கேட்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரம் செய்வோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதிகாரச் சான்று பெற வேண்டுமென்று விதி வந்திருக்கிறது. “சான்றைக் காட்டுங்கள்” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. அதற்கு முகம் சுளிப்பவரிடம் பணத்தைக் கொடுப்பதில்தான் தவறிருக்கிறது.

இரண்டாவது மறுபுறம் உடம்பு. நல்ல வெளிச்சத்தில், வண்டி நனையாதிருக்கும்போது, பக்கவாட்டில் குனிந்து நீளமாகப் பாருங்கள். டிங்கரிங் செய்து பட்டி பூசிய இடத்தில் பிம்பம் நெளியும். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்தால், இரும்பில் ஒட்டும். தடித்த பட்டியில் நழுவும். கதவுகளுக்கிடையே உள்ள சந்து இருபுறமும் ஒரே அளவா? கதவின் ரப்பர்ப் பட்டையை இழுத்து உள்ளே பற்றவைப்புப் புள்ளிகள் ஒழுங்காக இருக்கின்றனவா? டிக்கியின் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னிக் குழியில் துருவும் சுருக்கமும் உண்டா? ஒரு கதவுக்குப் பூச்சு மாற்றியிருந்தால் மோசமில்லை; தெருவில் உராய்வது சகஜம். எலும்பு போன்ற அடிச்சட்டம் அடிபட்டு நிமிர்த்தப்பட்டிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

கிலோமீட்டர் எண்ணை நம்ப வேண்டாம். அதைத் திருப்பி வைப்பது எளிது. இருபதாயிரம் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பிரேக் மிதியின் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தால் இரண்டிலொன்று பொய். மிதி பொய் சொல்லாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்து 23-ஆம் வாரத்தில் செய்தது. சிறிதே ஓடிய புது வண்டி என்கிறார்கள், நாலு டயரும் மாற்றியிருக்கிறது, ஏன்? கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் எண்ணைச் சொல்லி, ஒவ்வொரு சர்வீஸின்போதும் எத்தனை கிலோமீட்டர் பதிந்திருக்கிறது என்று சொந்தக்காரரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

இஞ்சினைக் காலையில், அது குளிர்ந்திருக்கும்போது முடுக்கிப் பார்க்க வேண்டும். போனவுடன் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாயிருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டிப் பழக்கி வைத்திருக்கிறார்கள். மற்றொரு நாள் சொல்லாமல் போவது நலம். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கறுப்பு, பெட்ரோல் மிகுவதைக் காட்டும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நில்லாவிட்டால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதென்று அர்த்தம். எண்ணெய் மூடியின் அடியில் மோர் போல் நுரை கண்டாலும் அதே சந்தேகம் கொள்ளலாம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய அபாயம் ஒன்றுண்டு, அது வெள்ளம். 2015 நவம்பர், டிசம்பரில் சென்னையையும் நம் பகுதியையும் மூழ்கடித்த மழையிலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அவை யாவும் குப்பைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து, வாசனைத் தைலம் தெளித்து விற்பனைக்கு வந்தவை உண்டு. இஞ்சின் பிழைத்தாலும், கம்பிகளின் இணைப்பில் மெள்ள மெள்ளப் பாசி பிடிக்கும். பிறகு ஒரு நாள் நடுச்சாலையில் விளக்கணையும். காற்றுப்பை விரிய வேண்டிய வேளையில் விரியாமற் போகும்.

நம் தாய் மாமன் விஷயத்தில் நடந்ததை இங்கே சொல்லலாம். அவருக்கு வயது 68. நாற்பது வருஷம் தறியும் பட்டு வியாபாரமுமாக இருந்தவர். பழைய வண்டி ஓய்ந்துவிட்டது, இன்னொன்று பார்க்க வேண்டும் என்று நம்மைத் துணைக்கு அழைத்தார். நமக்குச் சாக்பீஸும் கரும்பலகையுந்தான் தெரியும். ஆகவே தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டோம். இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று வெண்முத்துப் போல் மின்னிற்று. இருக்கைக்குப் புது உறை. விலையும் சற்றுக் குறைவு. மற்றது சாம்பல் நிறம். இடது கதவில் ஒரு கீறல். உள்ளே பழைய சீமைத்துணி உறை. மெக்கானிக் வெள்ளை வண்டியின் இஞ்சினைக் கேட்டுத் தலையசைத்தார். நாம் மாமாவிடம், “மாமா, புடவைக்கு மறுபுறம் பார்ப்பீர்களே, இந்தப் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள்” என்றோம்.

அவர் பின் இருக்கையின் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். சுருளுக்குள் எப்போதும் மடிந்தே கிடக்கும் கடைசி முழத்தில் ஓரமாக ஒரு மங்கிய கோடு ஓடிற்று. அதற்குக் கீழே துணியின் நிறம் ஒரு மாற்றுக் குறைவு. விரலால் தடவினார். மெல்லிய வண்டல் ஒட்டிக்கொண்டது. “மாப்பிள்ளை, இது சாயத்தில் நனைந்ததல்ல, ஏரித் தண்ணீரில் ஊறினது. கரை கட்டியிருக்கிறது பார்” என்றார். விற்க வந்தவர் வாய் திறக்கவில்லை. மெக்கானிக் இருக்கைக்கு அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். போல்ட்டுகள் எல்லாம் துருவேறிக் கிடந்தன.

சாம்பல் வண்டியின் பெல்ட் கடைசி வரை ஒரே நிறம். அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஒருவர். ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார். அந்த ரசீதுக் கட்டைப் பார்த்ததும் மாமாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. “கணக்கு எழுதுகிறவன் எண்ணெயும் மாற்றியிருப்பான்” என்றார். நாம் வண்டியைப் பற்றிப் படித்த பல பக்கங்களின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

ஆனாலும் ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யவில்லை. பெரியவர் எந்தத் தெருவில் ஓட்டப் போகிறாரோ அந்தத் தெருவில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். காந்தி ரோட்டு நெரிசலில் கால் மணி நேரம். அங்கே இஞ்சின் சூடேறுகிறதா, கியர் முரண்டு பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். வேகத்தடைகளின் மேல் மெதுவாக ஏற்றி இறக்கினால் அடியில் கேட்கும் சத்தம் சஸ்பென்ஷனின் வயதைச் சொல்லும். பிறகு பொன்னேரிக்கரை வழியாக நெடுஞ்சாலைக்குப் போய், நேரான இடத்தில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்கலாம். பின்னால் யாரும் வராதபோது பிரேக்கை அழுத்திப் பார்க்க வேண்டும். காலியிடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி வட்டமடிக்கையில் ‘கட கட’ என்ற ஓசை கேட்டால் முன் சக்கரத்து மூட்டு தேய்ந்திருக்கிறது, விலையில் கழிக்கலாம். கையிருப்பு முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், பத்தில் ஒரு பங்கையாவது டயர், பாட்டரி, எண்ணெய் மாற்றம் ஆகியவற்றுக்கு ஒதுக்கி வைப்பது அவசியம்.

வாங்கிய பிறகும் வேலை முடியவில்லை. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்தாகி, பெயர் மாற்றம் நடந்தே தீர வேண்டும். இன்ஷூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் புதியவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விபத்தில்லாமல் ஓட்டியதற்கான கழிவு விற்றவருக்கே உரியது. அது வண்டியோடு வராது. தம் பழைய வண்டியை விற்கும் பெரியவர் இதில் இன்னும் கண்டிப்பாயிருக்க வேண்டும். பெயர் மாறாமலே கை மாறிக்கொண்டு போன ஒரு கார் விபத்து செய்த வழக்கில், பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி என்று சுப்ரீம் கோர்ட் 2018-இல் தீர்ப்புச் சொன்னது. விற்றுப் பணத்தையும் வாங்கி மறந்துவிட்ட வண்டிக்காக, எழுபதாவது வயதில் கோர்ட்டுப் படி ஏறுவானேன்?

கடைசியாக, சொல்லக் கூசுகிற ஒரு விஷயம். வண்டி வாங்கிக் கொடுக்கும்போதே, அதை எப்போது நிறுத்துவது என்பதையும் பெரியவரிடம் பேசிவிட வேண்டும். பிள்ளைகள் பின்னொரு நாள் சாவியைப் பிடுங்கினால் அது அவமானம். அவரே முன்கூட்டிச் சொன்ன விதிப்படி அவரே நிறுத்தினால் அது நிர்வாகம். நம் மாமா மூன்று விதிகளைத் தாமே ஏற்படுத்திக்கொண்டார். இருட்டிய பின் நெடுஞ்சாலை கிடையாது. வருஷத்துக்கொரு முறை கண் பரிசோதனை. ஒரே வருஷத்தில் இரண்டு முறை எதிலாவது இடித்துவிட்டால் டிரைவர் வைத்துக்கொள்வது. பெங்களூரிலிருக்கும் பிள்ளைக்கு இவற்றை அவரே டெலிபோனில் சொன்னார். அதுவரை ‘கார் வேண்டாம்’ என்று வாதாடிக்கொண்டிருந்த பிள்ளை, அதற்குப் பின் எந்த நிறம் என்று கேட்டான்.

பெரியவருக்குத் துணை போகும் இளையவர்கள் ஒன்றை மனத்திற் கொள்வார்களாக. தேர்ந்தெடுப்பது நம் வேலையன்று. கேள்வியை எடுத்துக் கொடுப்பதும், விளக்கைப் பிடிப்பதும், குனிய முடியாதவருக்காகக் குனிந்து பார்ப்பதுமே நம் வேலை. ‘இதுதான் நல்லது, இதை வாங்குங்கள்’ என்று நாமே முடிவு கட்டிவிட்டால், வண்டி நன்றாக ஓடினாலும் அது அவருடைய வண்டியாகாது. அவர் காசு, அவர் கால், அவர் கண். முடிவும் அவருடையதாகவே இருக்கட்டும்.